பச்சைத் துணியில் ஒட்டிய குளம்

டீச்சரைப் பாராட்டி நாலு வரி எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து மலர் போடுகிறோம், ஒன்பதாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கிய அந்த வருஷத்தைப் பற்றி நீதான் எழுத வேண்டும், மேடையில் நின்றவள் நீதானே என்றீர்கள். நாற்பதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயதில் உங்களுக்கு எல்லா டீச்சரும் நல்லவர்களாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்த வியாதி இன்னும் வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். வேண்டாததை வெட்டிவிடுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கரமனையில் நம் பள்ளிக்கூடம், சுற்றிலும் மலையாளம், அதில் தமிழ் மீடியத்துக்கென்று ஒரே ஒரு டிவிஷன், அதற்கு உயிரியல் எடுக்க ஒரே ஒரு டீச்சர். எடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. புத்தகத்தை உரக்க வாசிப்பார். பத்தி முடிந்ததும் "மனசிலாச்சா?" என்பார். "ஆச்சு டீச்சர்" என்போம். அவ்வளவுதான் பாடம். வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் அவருக்கு உயிர் வரும். சயன்ஸ் எக்ஸிபிஷனுக்குத் தயாராகும் மாதங்கள் அவை. பிள்ளைகளுக்குப் போட்டி இருப்பதுபோல டீச்சர்களுக்கும் ஒரு போட்டி உண்டு. பாடம் நடத்துவதற்கான உபகரணம் ஒன்றைத் தானே செய்து, நடத்திக் காட்ட வேண்டும். நம் டீச்சர் அதில் மூன்று வருஷம் தொடர்ந்து ஆறுதல் பரிசு வாங்கியிருந்தார். அவரைப் போல ஆறுதலே இல்லாத ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவர் எடுத்துக்கொண்டது குளத்தின் வழிமுறை வளர்ச்சி. பெயர் உங்களுக்கு மறந்திருக்கும். ஒரு குளம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து காடாகிறது என்பதுதான் விஷயம். முதலில் வெறும் தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி. பிறகு தண்ணீருக்குள்ளேயே வளரும் கொடிகள். பிறகு ஆம்பலும் ஆகாயத்தாமரையும் மேலே பரவும். செத்து அழுகுவதெல்லாம் அடியில் சேர்ந்து தரை மேடேறும். ஓரத்தில் சம்பு வரும், அதற்குப் பின்னால் கோரை வரும், ஈரம் வற்ற வற்றப் புதர் வரும், கடைசியில் பெரிய மரங்கள். மொத்தம் ஏழு நிலை. நல்ல பாடம்தான், பாடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டி நூறு எட்டு வைத்தால் நிஜமாகவே ஒரு குளம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்புறம், கல்படி வைத்த குளம். டீச்சர் ஒரு நாள்கூட நம்மை அங்கே அழைத்துப் போகவில்லை. குளத்தைப் பற்றிப் படிக்கக் குளத்துக்குப் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக பிளானல் போர்டு. டீச்சர் ட்ரெயினிங் படித்தவர்கள் அதைச் சாமி படம் மாதிரி வைத்துக் கும்பிட்ட காலம் அது. பலகையில் பிளானல் துணியை இழுத்து ஒட்ட வேண்டும். அட்டையில் படம் வரைந்து, வெட்டி, படத்தின் முதுகில் உப்புத்தாள் ஒட்ட வேண்டும். உப்புத்தாள் துணியைக் கவ்விக்கொள்ளும். பாடம் நகர நகர ஒவ்வொரு படமாக ஒட்டலாம், வேண்டாததைப் பிய்த்து எடுக்கலாம். துணி வாங்கவும் உப்புத்தாள் வாங்கவும் டீச்சர் என்னையும் என் பெஞ்சுக்காரியையும் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்.

பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்த மாதிரி இருப்பீர்கள். அவள் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து, தம்பானூர் லாட்ஜுகளின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எங்கள் குளத்தில்தான் துவைத்தார். விடிந்ததும் கல்லில் துணி அறையும் சத்தம் எங்கள் வீட்டுக் கொல்லைவரை கேட்கும். அவள் புத்தகப் பையிலிருந்து எப்போதும் சலவைச் சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை வரும். நீங்கள் மூக்கைப் பொத்தினீர்கள். நான் பொத்தவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் அவளுக்குச் செய்ததைப் பார்த்தால் மூக்கைப் பொத்தியது எவ்வளவோ மேல்.

கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடையில் ஒரு அண்ணாச்சி உப்புத்தாளை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"எந்த நம்பர் வேணும் மக்களே? மரத்துக்கா, இரும்புக்கா?"

"குளத்துக்கு" என்றாள் அவள்.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சொரசொரப்பான தாளை எடுத்துத் தந்தார். கையில் பச்சை பிளானலைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் சிரித்தோம். அந்த வருஷத்தில் நான் குறைசொல்ல முடியாத ஒரே நாள் அதுதான்.

படங்கள் எல்லாவற்றையும் அவள்தான் வரைந்தாள். நான் வெட்டினேன், ஒட்டினேன். மைதா மாவைக் காய்ச்சி, பாச்சை அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட பசை. விரல் நுனியெல்லாம் நீலம் பிடித்து, அம்மா என்னைச் சாப்பாட்டுக்கு முன் புளி போட்டுத் தேய்க்க வைத்தாள். டீச்சர் ஆம்பல் இலையை வெற்றிலை மாதிரி வரைந்து வந்திருந்தார். அவள் அதைத் திருப்பிப்போட்டு, வட்டமாக, ஒரு பக்கம் கீறலோடு இருக்கிற நிஜ இலையை வரைந்தாள். சம்பின் பழுப்புக் கதிர், கோரையின் மூன்று பட்டைத் தண்டு, எல்லாம் அவள் தினமும் பார்த்தவை. டீச்சர் புத்தகத்தில் பார்த்தவை.

ஏழு நிலையும் வரைந்து முடித்த அன்று அவள் கேட்டாள்.

"டீச்சர், எங்க குளம் ஏன் டீச்சர் இப்டி ஆவல? எங்கம்மையும் மத்தவுகளும் மாசாமாசம் எறங்கிப் பாசிய வாரிப் போடுதாவ. அதாலயா?"

"அது புக்கில் இல்லை" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், வாராம விட்டாத்தான்..."

"புக்கில் இல்லாதது பரீட்சைக்கு வராது. பரீட்சைக்கு வராதது நமக்கு வேண்டாம். மனசிலாச்சா?"

ஒரு பாடத்தின் உயிரான கேள்வியை ஒரு பிள்ளை கையில் எடுத்துக் கொடுத்தாள். அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மரத்துக்கு இன்னும் கொஞ்சம் பச்சை அடிக்கச் சொன்னார் இந்த மகானுபாவி. இவருக்குத்தான் நீங்கள் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள்.

அவள் என்னை அந்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் அம்மாவும் மூன்று பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். தென்னங்கயிற்றில் பழைய சேலைகளைக் கட்டி, இரண்டு முனையிலும் இருவர் இருவராகப் பிடித்து, குளத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வழித்துக்கொண்டு வந்தார்கள். பாசியும் ஆகாயத்தாமரையும் திரண்டு படியில் வந்து குவிந்தன. வாழைக்கு உரம் போடுகிறவர்கள் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். வழித்த இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெளிந்து கிடந்தது. "பாத்தியா?" என்றாள் அவள். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் நின்று படங்களை ஒட்ட ஒரு பிள்ளை வேண்டும். வரைந்தவளைத்தான் நிறுத்துவார் என்று நான் நினைத்திருந்தேன். "உன் பேச்சு ஜட்ஜுக்குப் புரியாது. அப்புறம் அந்த யூனிஃபார்ம்..." என்று அவளிடம் இழுத்துவிட்டு டீச்சர் என்னைக் காட்டினார். எனக்கு இஸ்திரி போட்ட யூனிஃபார்மும், நல்ல ரிப்பனும், அக்கிரகாரத்து விலாசமும் இருந்தன. விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சந்தோஷத்தில் எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து ஒத்திகை பார்த்தேன். பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் தெருச் சபையின் செக்ரட்டரி. குளம் சபையின் பொறுப்பில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருக்குப் பல வருஷத்து ஆசை. நிலம் காகிதத்தில் குளம் என்று இருக்கிறவரை ஒரு கல்கூட வைக்க முடியாது. நான் ஏழாம் நிலையின் மரத்தை ஒட்டி முடித்ததும் அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"ஏண்டி, இதுக்கு நடுவுல யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாமா? தானா நடக்குமா?"

"தானா நடக்கும் பெரியப்பா. யாரும் தொடாம விட்டாப் போதும்."

"யாரும் தொடாம விட்டாப் போதும்" என்று அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கெட்டிக்காரி, கேட்டியா" என்று என் தலையில் தட்டினார்.

அடுத்த வாரம் படித்துறைக்கு இரும்பு கேட் வந்தது. கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேல் ஒரு தகரப் பலகை: பராமரிப்பு வேலை நடக்கிறது, யாரும் இறங்கக் கூடாது. பராமரிப்பு என்று அவர் எழுதியது அந்தப் பூட்டைத்தான் போலிருக்கிறது. அதற்கு மட்டும் தவறாமல் எண்ணெய் விட்டார். அவள் அம்மாவும் மற்றவர்களும் துணி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வேலை முடிந்ததும் திறந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். மழைக்காலம் வேறு. அங்கங்கே ஒட்டிக்கிடந்த ஆகாயத்தாமரைக்குக் கேட்கவா வேண்டும்.

போட்டி நடந்த ஹாலில் ஈரம். பிளானல் நமுத்துப்போய் உப்புத்தாள் கவ்வவில்லை. ஏழாம் நிலையில் பெரிய மரம் இரண்டு தரம் கீழே விழுந்தது. மூன்றாம் தரம் நான் எச்சிலைத் தொட்டு ஒட்டினேன். ஜட்ஜாக வந்த மூன்று பேரில் ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார், ஒருவர் ஜன்னல் வழியாக யாரையோ தேடிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். ஒரு குளம் காடாக எத்தனை வருஷமாகும்? புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. டீச்சர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "ஐம்பது வருஷம் சார்" என்றார். புக்கில் இல்லாதது வேண்டாம் என்ற அதே வாய். ஜட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார். முதல் பரிசு. நீங்கள் பள்ளிக்கூடத்தில் கைதட்டினீர்கள். வரைந்தவளும் தட்டினாள். அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் அம்மா யார் யாரையோ பிடித்து, கேட்டைத் திறந்துவிடச் சொல்லி மேலே மனு கொடுத்திருந்தார். சபையும் தன் பங்குக்கு ஒரு மனு கொடுத்திருந்தது, இது இனிமேல் குளமே இல்லை என்று. இரண்டையும் விசாரிக்க ஒரு ஆபீஸர் நேரில் வந்தார். குளக்கரையில் நாற்காலி போட்டார்கள். நாற்காலிக்கு எதிரே, பெரியப்பாவின் ஏற்பாட்டில், பச்சை பிளானல் போர்டு. போர்டுக்கு ஒரு பக்கம் டீச்சர், பரிசு வாங்கியபோது கட்டியிருந்த அதே புடவையில். இன்னொரு பக்கம் நான்.

பூட்டு போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை, கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் கிடந்தது. அவள் வரைந்த மூன்றாம் நிலை அப்படியே எழுந்து வந்த மாதிரி இருந்தது.

நான் ஏழு நிலையையும் ஒப்பித்து ஒட்டினேன். அன்று காற்று காய்ந்திருந்தது, ஒரு படம்கூட விழவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், இது பரிசு வாங்கின பாடமாக்கும். குளம் ஐம்பது வருஷத்துல தானே மூடிப்போகும்னு நிபுணர்களே ஒத்துண்டாச்சு. இந்தக் குளம் வெட்டி நூறு வருஷம் ஆயாச்சு. அம்பது வருஷமா ஓவர்டைம் பாத்துண்டிருக்கு, பாவம். நாம நாலு லோடு மண்ணு போட்டு அதுக்கு ஒத்தாசை பண்றோம், அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் தன் ஐம்பது வருஷம் இவ்வளவு தூரம் வளர்ந்ததைப் பார்த்துக் கொஞ்சம் திடுக்கிட்டார். உடனே சமாளித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

அவள் அம்மா முன்னால் வந்தார். கை விரல்கள் சோப்பில் ஊறி வெளுத்து வெடித்திருந்தன.

"சார், நாங்க நாலு பேரும் மாசம் ஒருக்க எறங்கிப் பாசிய வாரிப் போட்டுட்டுத்தான் இருந்தோம். அதனாலதான் இத்தனை வருசமும் தண்ணி கெடந்துச்சு. பூட்டு போட்டது இவுக. ஆறு மாசமா எறங்க விடல, பாசி மூடிட்டு. தொறந்து விடுங்க. எட்டு நாள்ல தண்ணிய காட்டுதோம். ஆத்துல தொவச்சா துணி மங்குதுன்னு லாட்ஜ்ல திருப்பி அனுப்புதான் சார். எங்களுக்கு வேற போக்கு இல்ல."

ஆபீஸர் அவரைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாடம் தெரிந்தவள் நான்தானே.

"மோளே, ஒரு சம்சயம். மாசந்தோறும் ஆரெங்கிலும் பாசி வாரிக் களஞ்ஞால், பின்னே இது கரையாகுமோ?"

மாதாமாதம் யாராவது பாசியை வாரிப் போட்டுவிட்டால், அப்போதும் குளம் தூர்ந்து தரையாகுமா என்று கேட்டார். அந்த ஆறு மாதத்தில் படித்தவர்கள் இத்தனை பேர் குளத்தைப் பற்றிப் பேசியதில், சரியான கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். கேட்ட இடம்தான் தப்பு.

எனக்குப் பதில் தெரியும். வழித்த இடத்தில் தண்ணீர் தெளிந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆகாது சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பெரியப்பா வேஷ்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி, துணி மூட்டைக்குப் பக்கத்தில், அவள் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். பயமா என்று கேட்காதீர்கள். பயமில்லை. எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அது கலைந்துவிடக் கூடாது என்று இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்.

"அது புக்கில் இல்லை சார்" என்றேன்.

டீச்சர் முகம் மலர்ந்தது. ஆபீஸர் பேனாவை எடுத்தார்.

மறுநாள் அவள் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். இரண்டாவது பீரியடில்தான் வாயைத் திறந்தாள்.

"ஒனக்குத் தெரியும்லா?"

நான் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

மாசி மாதத்தில் செம்மண் லாரிகள் வந்தன. துவைகல் நாலையும் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து, எங்கள் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாக வாசல்படிக்குக் கொண்டுபோனார்கள். அடியில் கிடந்த விரால் மீன்கள் சேற்றில் துள்ளின. பிடித்துச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது, ஆகவே அப்படியே மண்ணைப் போட்டு மூடினார்கள். ஜீவகாருண்யம். லாட்ஜ்காரர்கள் மெஷின் வைத்திருந்த ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். வருஷப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளும் அவள் அம்மாவும் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். பரீட்சையில் குளத்தின் வழிமுறை வளர்ச்சியைப் படம் வரைந்து விளக்கு என்று கேள்வி வந்தது. நான் ஏழு நிலையும் எழுதினேன், ஆம்பல் இலையைக் கீறலோடு வரைந்தேன். முழு மார்க்.

அதற்குப் பிறகு பல வருஷம் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி சொன்னதற்காகவா ஒரு குளத்தை மூடுவார்கள்? பெரியப்பா எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார், அந்த விசாரணை வெறும் கண்துடைப்பு, நான் என்ன சொல்லியிருந்தாலும் லாரி வந்திருக்கும். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் தோன்றும். தோன்றட்டும். எனக்கும் என் கல்யாண நாள்வரை அப்படித்தான் தோன்றியது.

கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது, வேறெங்கே நடக்கும். காலையில் நான் மணப்பெண் அறையிலிருந்து வெளியே வரும்போது பெரியப்பா பஞ்சகச்சமும் சந்தனமுமாக மாப்பிள்ளை வீட்டாரைச் சுற்றி நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டார்.

"இந்த மண்டபம் இருக்கே, இது இவளாலதான், கேட்டேளா? அந்த ஆபீஸர் எதுக்கும் மசியற ஆளே இல்லை. நான் எவ்வளவோ பேர்கிட்டச் சொல்லிப் பாத்தாச்சு. அன்னிக்குக் கரையில வந்து இறங்கினதுமே என்கிட்ட, குளத்தை மூட ஒத்துக்க மாட்டேன், பூட்டைத் தொறந்து அவாளை விட்டுடுங்கோன்னு தீர்த்துச் சொல்லிட்டார். ஃபைலையும் மூடியாச்சு. கடைசியாக் கொழந்தைகிட்ட ஒண்ணு கேட்டுடறேன்னார். இவ ஒரு வாய் பேசினா பாருங்கோ, மூடின ஃபைலைத் தொறந்துட்டார்!"

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் சிரித்தேன். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பொண்ணைக் கூட்டிண்டு வாங்கோ என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள். நான் போய் மணையில் உட்கார்ந்தேன்.